அக்காவின் பெட்டியில் அம்மிக் குழவி

என் பெரியப்பா மதுரையில் ஒரு விமானக் கம்பெனியின் ஸ்டேஷன் மேனேஜராக இருந்தார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம். மத்தியானம் வரும், அரை மணி நேரம் நிற்கும், மெட்ராஸுக்குத் திரும்பிவிடும். அந்த அரை மணி நேரத்துக்காகத் தினமும் காலையிலேயே வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாகத் திண்டுக்கல்லில் இருந்து ஜீப்பில் கிளம்பிப் போவார். என் அப்பா பார்த்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதுவார். குஜிலியம்பாறை வண்டியை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டு வருகிறவர்களிடம் வசவு வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோயில் வாசலில் பெரியப்பாவைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அப்பாவிடம் பஸ்ஸைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் விசாரித்ததில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது பெரியப்பா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன். ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு, பின்னால் பொதுவாக ஒரு கொல்லை, கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு அம்மி. முழுப்பரீட்சை முடிந்ததும் அவள் மெட்ராஸில் இருந்த அவளுடைய சித்தி வீட்டுக்குப் போவாள். அதுவும் பிளேனில். கம்பெனியில் வேலை பார்ப்பவர் குடும்பத்துக்கு இலவச டிக்கெட் உண்டாம். திரும்பி வரும்போது பிளேனில் கொடுத்த மிட்டாய், காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சு எல்லாம் கொண்டுவருவாள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதத்துக்கு அந்தப் பஞ்சைப் பற்றித்தான் பேச்சு. போனால் போகிறது என்று எனக்கும் ஒரு மிட்டாய் தருவாள். "மெல்லாத, சப்பு. மேல ஏறயில அப்பிடித்தான் சப்பணும்" என்பாள். நான் வேண்டுமென்றே கடக் கடக்கென்று கடித்து மென்று விழுங்குவேன். வயிறு அப்படி எரியும்.

நான் நாலாவது முடித்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பெரியப்பா அப்பாவிடம் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கோடை வெயிலில் சின்ன விமானத்தால் அவ்வளவு பாரம் தூக்க முடியாதாம். அதனால் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றிக் கணக்குப் போடுவாராம். எடை கூடினால் யாரையாவது இறக்கியாக வேண்டும். இலவச டிக்கெட்காரர்தான் முதலில் இறங்க வேண்டும்.

"நம்ம வீட்டு ஆளுன்னா இன்னுங் கறாரு. பொட்டியத் தொறந்து சாமானக் கொறைக்கிற சோலியே கெடையாது. ஒரு தடவதான் தராசு. கூடுச்சுன்னா பேர அடிச்சிருவேன்" என்றார். மனுஷர் சொன்னால் சொன்னதுதான். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டே அதைப் பத்திரமாக மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

அக்கா கிளம்புகிற அன்று காலையில் பெரியப்பாவே பெட்டியை முக்கு மளிகைக்கடைக்குத் தூக்கிப் போய், தராசில் வைத்து, கால் கிலோகூட மிச்சமில்லாமல் சரிபார்த்துக் கொண்டுவந்தார். எல்லாரும் இட்லி சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் நான் கொல்லைக்குப் போய் அம்மிக் குழவியை எடுத்தேன். கழுவித் துடைத்து, அக்காவின் பாவாடை ஒன்றில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பாவம் என்றெல்லாம் தோன்றவே இல்லை. எத்தனையோ தடவை போனவள்தானே, ஒரு தடவை போகாவிட்டால் குடியா முழுகிவிடும் என்றுதான் தோன்றியது.

அந்த வருடம் பிளேனைப் பார்க்கட்டும் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். கொடைரோடு தாண்டியதும் பெரியப்பா முன்சீட்டில் இருந்து திரும்பி, "இன்னைக்குச் சீட்டு காலி இருக்கு ஆத்தா" என்றார். அக்கா சட்டென்று என் வலது கையைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. உள்ளங்கையெல்லாம் வேர்வை. பீற்றல் தாங்கவில்லையே என்று கையை இழுத்துப் பார்த்தேன், அவள் விடவில்லை. விமான நிலையம் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள்.

அங்கே எல்லாப் பெட்டிகளும் ஏறி இறங்கிய பிறகு கடைசியாக அக்காவின் பெட்டி தராசில் ஏறியது. பெரியப்பா முள்ளைப் பார்த்தார். குனிந்து கண்ணாடியை விரலால் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். காலையில் அவரே நிறுத்த பெட்டி அல்லவா! வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பென்சிலை எடுத்து அக்காவின் பெயரை அடித்தார். ஜீப் டிரைவர் தன் சட்டைப் பையில் இருந்து ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்தார். பெரியப்பா எவ்வளவு முன்ஜாக்கிரதையானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. "அது மேல போற வரைக்கும் பாத்துட்டுப் போகவாப்பா?" என்று மட்டும் கேட்டாள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, விமானம் ஒரு புள்ளியாகி மறைகிற வரை நின்றாள். தினமும் பார்க்கிற வீட்டுப் பெண்ணுக்கு இதென்ன நடிப்பு என்று எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

கொல்லையில் குழவியைக் காணோம் என்று இரண்டு வீடும் ஒரு வாரம் தேடிய பிறகு மெட்ராஸ் சித்தியிடம் இருந்து கடிதம் வந்தது. தன் வீட்டுக் குழவி உடைந்துபோனதைக் கேட்டு, ஞாபகமாய் ஒன்று கொடுத்துவிட்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். "மாதா மேல சத்தியமா நா வைக்கல" என்றார் பெரியம்மா. யாரும் நம்பவில்லை. தங்கச்சிப் பாசம், கண்ணை மறைத்துவிட்டது என்றார்கள். பெரியப்பா ஒரு மாதம் பெரியம்மாவுடன் பேசவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அக்காவின் மகளுக்குச் சென்னையில் பிரசவம். அக்காவும் நானும் மதுரையில் இருந்து விமானத்தில் போனோம். என் மகன் வெளிநாட்டில் இருப்பதால் எனக்கு விமானம் இப்போது டவுன் பஸ் மாதிரி. ஆனாலும் பழைய புத்தி எங்கே போகும்? முந்திக்கொண்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அக்கா பெல்ட்டின் இரண்டு முனையையும் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"இத எப்பிடி ஆத்தா மாட்டணும்?"

"ஆமா, வருசா வருசம் பறந்தவளுக்கு நா சொல்லித் தரணுமாக்கும்" என்றேன்.

அக்கா சிரித்தாள். "எங்கிட்டுப் பறந்தேன்? சீட்டு மிஞ்சுனாத்தான நமக்கு. ஒவ்வொரு வருசமும் நெறஞ்சிரும், அப்பா ரயில்ல ஏத்திவிட்டுருவாரு. மிட்டாயும் பஞ்சும் அவரு ஆபீசுல இருந்து எடுத்துக் குடுத்தது." பெல்ட்டை மடியில் வைத்தாள். "அந்த ஒரு வருசந்தான் சீட்டு இருந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து எங்கம்மா கல்ல வச்சுக் கெடுத்துருச்சு. அது சாகுற மட்டும் நா அதுகூட மனசாரப் பேசல, தெரியுமா?"

எழுந்து அவளை ஜன்னலோரத்துக்கு மாற்றினேன். பெல்ட்டை மாட்டிவிட்டேன். பெரியம்மாவைக் கல்லறையில் வைத்து ஆறு வருடம் ஆகிறது. இனிச் சொல்லி அக்காவுக்கு அம்மாவைத் திருப்பித் தர முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விமானம் ஓடத் தொடங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி, அதே வேர்வை. முதல் தடவை ஏறப் போகிறவளின் பிடி அது என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. இரண்டு தடவையும் துணைக்கு என்று அவள் பிடித்தது, அந்தக் குழவியை வைத்த கையைத்தான்.