மச்சான் கலக்கும் பழரசம்

“மாப்பிள்ளை, குடிக்கும்போது என்னைப் பார்த்துக் குடிங்க” என்று டம்ளரை நீட்டினார் மச்சான். வாய் சொல்வதை அவர் நம்புவதில்லை. குடிப்பவரின் புருவத்தைத்தான் நம்புவார். புருவம் சுருங்கினால் புளிப்பு. அசையாவிட்டால் சப்பென்று இருக்கிறது. என் புருவம் அன்று என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை.

என் மனைவிக்கு மூத்த அண்ணன் அவர். லிஃப்ட் மெக்கானிக். குடும்பம் கூடும் நாளில், வீட்டுக்குப் பின்னால் இறைச்சி வாட்டும் புகை கிளம்பும் முன்பே அண்டாவின் முன் உட்கார்ந்துவிடுவார். அன்னாசி, ஆரஞ்சு, தர்பூசணி, மேலே மிதக்க ஆப்பிள் துண்டுகள். கத்தியையும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பார். தித்திப்பு கூடினால் “ஓவர்லோடு”, குறைந்தால் “ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது.” ஆனால் ஒரு சொட்டு தன் வாயில் விடக்கூடாது, உடம்பில் சர்க்கரை. அவர் மனைவி கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆக, அத்தனையும் அடுத்தவர் நாக்கை நம்பித்தான்.

அன்று அவருக்குக் காலையிலிருந்தே கை ஓடவில்லை. தம்பி வருகிறான். இரண்டு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. கடைசியாகக் கூடியபோது, “இது ஜூஸா, இருமல் மருந்தா?” என்று தம்பி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். “அப்ப என் வீட்டுப் பச்சத்தண்ணிகூட உனக்கு வேணாம்” என்று இவரும் சொல்லிவிட்டார். தம்பி ரோஷக்காரன், அந்தப் பக்கமே வரவில்லை. தூக்கம் போனது என்னவோ சொன்னவருக்குத்தான்.

“இன்னைக்கு ஒரு டம்ளர் அவன் குடிச்சுட்டான்னா போதும், மாப்பிள்ளை” என்றார்.

இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான் வினை. அவர் ஐஸ் எடுக்கப் போன நேரத்தில் மகள் ஒரு கை சர்க்கரையை உள்ளே போட்டாள். தித்திப்பு அடங்கட்டும் என்று அவர் மனைவி உப்பைப் போட்டார். என் வீட்டுக்காரி தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். யாரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாம் அவர்மேல் வைத்த பாசம்தான், என்னத்தைச் சொல்ல!

ருசி பார்க்கக் கொடுத்தால் ஆளுக்கொரு பேச்சு. “திகட்டுது” என்றார் ஒருவர். “புளிக்குதே” என்றார் இன்னொருவர். “உப்புக் கரிக்குதுப்பா” என்று மூன்றாவது ஆள் சொன்னதும் மச்சான் திருதிருவென்று விழித்தார்.

“நான் உப்பே போடலையே!”

தண்ணீர் விட்டார், சப்பென்று ஆயிற்று. அன்னாசி சேர்த்தார், அண்டா வழிந்தது. பாதியைக் குண்டானில் ஊற்றி, அதில் மட்டும் சர்க்கரை போட்டார். கொஞ்ச நேரத்தில் எதில் போட்டோம் என்பதே மறந்துவிட்டது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது சும்மாவா?

“கன்ட்ரோல் போர்டே எரிஞ்சு போச்சு மாப்பிள்ளை” என்று தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்போதுதான் தம்பி கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். நேராக அண்டாவிடம் வந்து நின்றான். எதில் மொள்வது என்று தெரியாத மச்சான், இதில் பாதி அதில் பாதி மொண்டு நீட்டினார். தம்பி மடக்மடக்கென்று குடித்தான். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மச்சான் பரிதாபமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பவும் சக்கரை ஜாஸ்திதான், அண்ணே” என்றான் தம்பி.

மச்சான் என் பக்கம் திரும்பினார். “என்ன சொன்னான்?”

“சக்கரை ஜாஸ்தியாம்.”

“அது கிடக்கட்டும். கடைசியா என்னமோ சொன்னானே?”

“அண்ணேன்னு சொன்னான்.”

மச்சான் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, போட்டிருந்த சட்டையின் நுனியாலேயே அதை அழுத்தித் துடைத்து, தம்பி பக்கம் நகர்த்தினார்.