இருபது பாகம்

என் அப்பா பாலசிங்கம் சல்லிக் கடற்கரையில் நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர். இரு கைகளையும் விரித்துப் பிடித்த கயிற்றின் நீளம் ஒரு பாகம். அவர் எதையும் அப்படித்தான் அளப்பார். அவர் இறந்து இன்று நாற்பத்தோராம் நாள்.

நான்கு வருடத்துக்கு முன், புதுக் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டு நிலாவெளி வீதியோரம் நடந்தவரைக் கார் மோதியது. தொடையெலும்பு முறிந்தது. கூட வந்த, அவருடன் வலை இழுக்கும் அர்ஷாக் அம்புலன்சுக்கு அழைத்தான்.

"அதுக்குள்ள இந்தக் கயிறை டயர் கோட்டோட போடு."

"அண்ணே, கால் தொங்குது!"

"கால் எங்கயும் போகாது. கோடு அழிஞ்சிரும். போடடா."

அர்ஷாக் கயிற்றை நீட்டி, கோடு முடிந்த இடத்தில் முடிச்சிட்டான். அப்பா கிடந்தபடியே அந்தக் கயிற்றைக் கைகளால் விரித்து விரித்து எண்ணினார். அன்றே பொலிஸ் வாக்குமூலத்தில் சொன்னார்: இருபது பாகம்.

மறுநாள் கார்க்காரர் வைத்தியசாலைக்கு ஒரு கடிதத்துடன் வந்தார். தான்தான் குறுக்கே பாய்ந்ததாக அப்பா கையெழுத்து வைத்தால் செலவைத் தருவாராம்.

"காசு வேணும்தான். பொய்க்குக் கையெழுத்து வைக்க ஏலாது."

நான் வீதி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அப்பாவின் பாகம் 1.78 மீற்றர். இருபது பாகம், 35.6 மீற்றர். காய்ந்த தாரில் அவ்வளவு தூரம் வழுக்க எண்பது கிலோமீற்றர் வேகம் வேண்டும். சாரதி சொன்னது நாற்பது.

இலவசமாக வழக்கை எடுத்த சட்டத்தரணி சுஹைரா சிரித்தார். "பிள்ளை போட்ட கணக்கு எடுபடாது. வாகனப் பரிசோதகரைக் கூப்பிடுவம்." பரிசோதகரின் கணக்கும் எண்பதுதான்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடவில்லை. "பாகம் என்ன, றப்பரா? ஆளுக்கு ஆள் நீளும்."

"ஆளுக்கு ஆள் நீளும் ஐயா. எனக்கு நீளாது."

நீதிபதி மண்டபத்தை அளக்கச் சொன்னார். அப்பா ஊன்றுகோலை என்னிடம் தந்தார். சுவரில் சாய்ந்து, நொண்டி நொண்டிக் கயிற்றை விரித்தார்.

"ஆறு பாகம். ஒரு சாண் குறைவு."

அளவு நாடா வந்தது. வித்தியாசம் நாலு சென்ரிமீற்றர்.

தீர்ப்பு நாளில் நட்டஈட்டுத் தொகையைச் சுஹைரா சொல்லத் தொடங்க, அப்பா இடைமறித்தார்.

"என்ட பிழை இல்லையெண்டு எழுதியிருக்கோ, பிள்ளை?"

"ஓம் ஐயா. ரெண்டாம் பக்கத்தில."

நேரே சல்லிக்குப் போகச் சொன்னார். வலை பாதி இழுபட்டிருந்தது. இருபது பேரும் கயிற்றைப் பிடித்தபடி நிற்க, நான் இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். "திரும்ப வாசி" என்றார். மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் கூச்சல்.

"இனிக் கோர்ட்டிலதான் வலை அளக்கிறது!" என்று அர்ஷாக் கத்தினான்.

அன்று வலை கரைசேர வெகுநேரம் ஆனது. பாதி மீன் போய்விட்டது. ஒருவரும் ஏசவில்லை.