கொண்டைக்காரி விண்ணப்பம் போட்ட கதை

சைகை மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிவிடுவார்கள்: நீ அங்கே இல்லை. வகுப்பில் பேராசிரியர் "நான்" என்றால் உன் கையும் "நான்" என்று காட்ட வேண்டும். காது கேளாத மாணவி கையால் "எனக்குப் புரியவில்லை" என்றால் நீ வாயைத் திறந்து, "சார், எனக்கு ஒண்ணு புரியல" என்று சொல்ல வேண்டும். அந்த "எனக்கு" உன்னுடையது அல்ல. உன் சொந்த அபிப்பிராயம், சொந்த சந்தேகம், சொந்தக் கொட்டாவி எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

நம் கொண்டைக்காரி இந்த விதியைப் பதினாலு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவள். கொண்டைக்காரி என்பது காது கேளாதவர்கள் அவளுக்கு வைத்த பெயர். ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதையே கையால் பெயராக்கிவிடுவது அவர்கள் வழக்கம். உச்சந்தலையில் முஷ்டியை வைத்துக் காட்டினால் இவள். கன்னத்தில் ஒரு விரலால் குத்திக் காட்டினால் கன்னக்குழி என்கிற பெண். கடைசி இரண்டு வருஷம் இவள் மொழிபெயர்த்தது அவளுக்குத்தான். அந்தப் பெண் படித்தது மண்ணியலில் முதுநிலைப் பட்டம்.

மண்ணியலில் பாதிச் சொற்களுக்குச் சைகையே கிடையாது. வகுப்பு முடிந்ததும் இருவரும் காலி அறையில் உட்கார்ந்து புதுச் சைகைகளை உண்டாக்குவார்கள். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் கையால் காட்ட வேண்டுமென்றால், அது எப்படிப் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே. தெரியாமல் கையை ஆட்டினால் கன்னக்குழி ஒரு புருவத்தைத் தூக்குவாள், அவ்வளவுதான், இவள் மானம் போய்விடும். அதனால் பாடப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். முதலில் கடமைக்குப் படித்தாள். பிறகு சோறு கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் படித்தாள்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் கன்னக்குழிக்குக் காய்ச்சல். மாணவி வராவிட்டால் மொழிபெயர்ப்பாளருக்கு விடுமுறை. ஆனாலும் கொண்டைக்காரி போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியர் சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு வரலையே. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"போன வாரம் பாதியில நிறுத்திட்டீங்க சார். மிச்சத்தைக் கேக்கலைன்னா தூக்கம் வராது."

வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வீடு திரும்பும்போது பஸ்ஸில் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டே வந்தது. நான் எதற்குப் போனேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போன பிறகுதான் பதில் வந்தது. எனக்கும் படிக்க வேண்டும்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, பதினோரு மாதமாகத் தொண்டையிலேயே நின்ற சந்தேகம். தொட்டிச் செடி வைக்கிறவர்கள் தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று அடியில் சரளைக் கல் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் வடியாது, தண்ணீர் கல்லுக்கு மேலேயே நின்றுவிடும் என்று பேராசிரியர் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே உடைத்துக்கொண்டு இறங்கும் என்று இவளுக்குக் கேட்க வேண்டும். கேட்க முடியாது, விதி. கன்னக்குழிக்கோ அதில் துளி அக்கறையும் இல்லை. எனவே இவள் பால்கனியில் பிளாஸ்டிக் பாட்டில்களின் கழுத்தை அறுத்து, கல்லும் மண்ணும் நிரப்பி, தானே ஊற்றிப் பார்க்கத் தொடங்கினாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஜாஸ்தி, மனசு நல்ல மனசு. துணி காயப்போடப் போய் இரண்டு பாட்டில்களை உதைத்துத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா, ஊர்ல எல்லாரும் பால்கனியில செடி வளக்கறாங்க. நீ சேறு வளக்கறியா?"

"எம்.எஸ்ஸி. சேரப்போறேன்" என்றாள் அவள். அவளே எதிர்பார்க்காமல் வந்து விழுந்த வார்த்தை.

அவர் கையிலிருந்த ஈரத் துண்டைக் கீழே வைத்தார். "விளையாடுறியா? வயசு முப்பத்தொம்பது ஆச்சு."

"அதனாலதான் சொல்றேன். வேலையில இருக்கறவங்களுக்குன்னு தனியா சீட்டு வெச்சிருக்காங்க. நாப்பது ஆனா அதுவும் கிடையாது. இந்த வருஷம் விட்டா அப்புறம் நான் பாட்டிலைத்தான் கட்டிக்கிட்டு அழணும்."

"வேலை?"

"வகுப்பு காலையில. சாயங்காலம் ஆஸ்பத்திரியில மொழிபெயர்க்கக் கூப்பிடறாங்க, போறேன்."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா கிடைக்கலை. கேக்காமலே இருந்துட்டேன்னு இருக்கக் கூடாது."

அவர் கொஞ்ச நேரம் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு போய்க் கவிழ்ந்த பாட்டில்களை நிமிர்த்தி வைத்தார். மண் எது கல் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நிரப்பியிருந்தார் பாவி மனுஷன்.

விண்ணப்பம் பதினாறு பக்கம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய தாவரவியல் பட்டச் சான்றிதழைத் தேடிப் பீரோவைத் தலைகீழாக்கினாள். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கட்டுரையில் பாட்டில்களைப் பற்றியே எழுதினாள், வேறு எழுத என்ன இருக்கிறது. கடைசியில் ஒரு கட்டம் வந்து நின்றது: உங்கள் கல்வித் திறனை அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம்.

பேராசிரியரிடம் போனாள். துறையின் ஆண்டறிக்கையில் "உதவி வசதிகள்" என்ற தலைப்பில், புரொஜெக்டருக்கும் சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதைக்கும் நடுவில் இவளைப் போட்டிருந்தவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பொய் சொல்லத் தெரியாதவர், அதுதான் சங்கடம்.

"உங்களை எனக்கு நல்லாத் தெரியும்மா. ஆனா உங்க படிப்பைப் பத்தி என்ன தெரியும்? ரெண்டு வருஷத்துல நீங்க சொந்தமா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லையே. நான் என்னத்தை எழுத?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. கோபம் வந்தது, கோபப்பட நியாயம் இல்லை என்பதால் அது இரட்டிப்பாக வந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. "அதையே எழுதிக் குடுங்க சார்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தார். நாலே வரி: "இவர் என் வகுப்புகளில் இரண்டு ஆண்டுகள் நின்றார். நான் சொன்ன ஒரு சொல்லையும் தவறவிட்டதில்லை. இவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள்."

இதைப் பரிந்துரை என்பதா, கைகழுவல் என்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்த நாள் கன்னக்குழியைப் பார்க்கப் போனாள். அந்தப் பெண் பட்டம் வாங்கிவிட்டு இப்போது மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், கோட்டும் கையுறையுமாய். விஷயத்தைக் கேட்டதும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையால் திட்டினாள்.

"என்னக்கா இது? என்கிட்ட ஏன் முதல்லயே வரல?"

"நீ என் கை வழியா பாடம் கேட்டவ. உன்கிட்ட போய்க் கேட்டா நல்லா இருக்குமான்னுதான்."

"பட்டம் என்கிட்டதானே இருக்கு. நான் எழுதலாம்." அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். "நாங்கள் இருவரும் அறுபத்து மூன்று சைகைகளைப் புதிதாக உண்டாக்கினோம். ஒரு சொல் எனக்குப் புரியும் முன்பே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அறுபத்து மூன்று முறையும் புரிந்திருந்தது" என்றது கடிதம். கொண்டைக்காரி அதைப் படித்துவிட்டு, பரிசோதனைக் கூடத்தின் கழுவுதொட்டி அருகே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பிரிவில் மூன்று இடம், இருபத்தாறு பேர். கணவர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். "டீச்சரம்மா, லிஃப்ட் நடுவுல நின்னா போன் பண்ணு" என்றார். அவருக்குத் தெரிந்த தைரியம் அது.

உள்ளே நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர்: நடுவில் நம் பேராசிரியர், இரு பக்கமும் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, ஒன்று நடுவில், ஒன்று ஓரத்தில். ஓரமாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பழக்கம், நடு நாற்காலி எப்போதும் மாணவியுடையது.

வெளி நிபுணர்களில் ஒரு அம்மா கட்டுரையைப் புரட்டினார். "சரளை போட்டாத் தண்ணி வடியாதுன்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்ல எல்லாத் தொட்டியிலயும் சரளைதான். ஏன் வடியாது?"

கொண்டைக்காரியின் கைகள் எழும்பின. சரளை, தொட்டி, தண்ணீர், ஏன். நல்ல அழகான, தெளிவான சைகை. கேள்வியைப் பக்கத்திலிருந்த காலி நாற்காலிக்கு மொழிபெயர்த்து முடித்தாள். பிறகு அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

நிபுணர் அம்மா நாற்காலியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். கொண்டைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. காது மடல் வரை சூடேறியது. போச்சு, எல்லாம் போச்சு, பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தாள். எழுந்தவள் கதவைப் பார்த்தாள். கேக்காமலே இருந்துட்டேன்னு இருக்கக் கூடாது என்று சொன்னது யார்?

"மன்னிச்சுக்குங்க. இடம் மாறி உட்கார்ந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடு நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன்மா. மண்ணுல இருக்கற துளை சின்னது, தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்கும். கல்லுக்கு நடுவுல இருக்கற இடம் பெருசு, அதுக்குப் பிடிச்சு இழுக்கற சக்தி இல்ல. மேல இருக்கற மண்ணு முழுசா நனைஞ்சு இனிமே தாங்காதுன்னு ஆனாத்தான் கீழ விடும்."

"சரி. இது புத்தகத்துல இருக்கறதுதானே. நீங்க இங்க வந்து எதைக் கண்டுபிடிக்கப் போறீங்க?"

"அப்படி விடும்போது எல்லா இடத்துலயும் ஒண்ணா இறங்கறதில்லம்மா. ஏதோ ஒரு இடத்துல பொத்துக்கிட்டு இறங்குது. நாப்பத்தோரு பாட்டில் பாத்துட்டேன். அந்த இடம் ஏன் அங்கன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கணும்."

சொல்லும்போது கைகளும் கூடவே பேசின. இந்த முறை அவள் தடுக்கவில்லை. பேராசிரியர் பேனாவை மூடினார். அவர் குரலில் குற்றம் சாட்டுவது போலவும் இருந்தது, வருத்தம் போலவும் இருந்தது.

"இதை என் வகுப்புல ஏன் கேக்கல?"

"அப்ப நான் அங்க இல்லையே சார்."

நிபுணர் அம்மா தன் தாளில் ஏதோ எழுதி அடிக்கோடிட்டார்.

பட்டியல் வந்தபோது மூன்று பேரில் அவள் மூன்றாவது. கணவர் அதை மூன்று தடவை படித்துவிட்டு, பால்கனியில் துணிக் கொடியைச் சுவரோரமாக மாற்றிக் கட்டினார். பாட்டிலுக்கு இடம் வேண்டுமாம்.

முதல் வகுப்பன்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். பேராசிரியர் வாயைத் திறந்ததுமே மேசைக்கு அடியில் கைகள் மொழிபெயர்க்க ஆரம்பித்துவிட்டன. இரண்டையும் தொடைக்கு அடியில் அமுக்கி வைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் அப்படியே போனது. பிறகு ஒரு கையை விடுவித்து உயர்த்தினாள்.

"சொல்லுங்க" என்றார் அவர்.

பதினாலு வருஷமாய் ஆயிரம் தடவை அடுத்தவர்களுக்காகச் சொன்ன வாக்கியம்தான்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல."