கட்டிலுக்கு அடியில் இளநீர்க் குலை

போன வருடம், சம்பா நடவு முடிந்த சமயம். கீழ்வேளூர் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அண்ணனைத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ரத்தப் புற்றுநோய். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கினார்கள்.

டாக்டர் அம்மா விளக்கினார். உடம்பில் கெட்டுப்போன அணுக்கள் தாமாகவே செத்துவிட வேண்டும். அண்ணனின் ரத்தத்தில் ஒரு புரதம் அவற்றைச் சாகவிடாமல் காத்து வந்தது. மாத்திரை அந்தப் புரதத்தை முடக்கிவிடும்.

"எல்லா அணுவும் ஒரே நேரத்துல செத்தா, உள்ள இருக்குற உப்பெல்லாம் ரத்தத்துல கொட்டிடும். அதனால கொஞ்சமா ஆரம்பிக்கிறோம். தண்ணி நிறைய குடிக்கணும்."

காலையில் முதல் மாத்திரை போட்டுக்கொண்டார். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் கையிலெல்லாம் இளநீர். அண்ணியின் தம்பி ஒரு குலையையே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"வெறும் தண்ணிய எவ்வளவுதான் குடிப்பீங்க? இதக் குடிங்க மாமா."

"டேய், என் வயித்த வாய்க்கால்னு நெனச்சியா?" என்றபடியே அண்ணன் குடித்தார். அன்று பகல் முழுவதும் தண்ணீருக்குப் பதில் இளநீர்தான். எங்களில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நர்ஸ் ஓடிவந்து அண்ணன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். பின்னாலேயே வந்த டாக்டர், குப்பைக்கூடையில் கிடந்த வெட்டிய காய்களைப் பார்த்துவிட்டார்.

"யாருங்க இதக் குடுத்தது?"

"நீங்கதானே மேடம் நிறைய குடிக்கச் சொன்னீங்க..." என்று அண்ணி இழுத்தார்.

"தண்ணியச் சொன்னேங்க! இளநீர்ல அவ்வளவும் பொட்டாசியம், நான் சொன்ன உப்புல ஒண்ணு. செத்த அணுவுலேருந்து ஏற்கெனவே அது ஏறிக்கிட்டிருக்கு. இன்னும் ஏறினா ஹார்ட் நின்னுடும்."

அண்ணியின் தம்பி சீவிய இளநீர் ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஊசிகள் போட்டார்கள். திரையில் இதயத் துடிப்பின் கோடு மாறியிருந்தது. அண்ணனுக்கோ வலியில்லை, மயக்கமில்லை. "நான் நல்லாத்தானே இருக்கேன்? ஏன் எல்லாரும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் பொட்டாசியம் இறங்கியது. அண்ணன் பிழைத்தார். சில நாள் நிறுத்திய மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள், நன்றாகவே கேட்கிறது.

'இதுல என்ன ஆகிடப்போகுது' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், எதுவும் தெரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்த அந்த முகம் இன்றும் என் வாயை அடைத்துவிடுகிறது.