மண் அள்ளித் தூற்றியவள்

பிரெஞ்சு பேசும் லாசால் நகரில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கிறாள் தவமலர். பொல்லாத வாய்க்காரி, மேற்பார்வையாளரே அவளிடம் மெதுவாகத்தான் பேசுவார். விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் ஐசட்டு, மேற்கு ஆபிரிக்கப் பெண். ஐசட்டுவின் தம்பி ஊரில் வானொலிச் செய்தியாளர். அமைச்சர் ஒருவரின் சுரங்க ஊழலைக் கிளறியதால் அவனுக்குக் கொலைமிரட்டல் வந்துகொண்டிருந்தது.

"எங்கள் நாட்டில் தேர்தல் ஒழுங்காக நடக்கிறது. ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்றாள் ஐசட்டு.

"எங்கட நாட்டிலயும் தேர்தல் நடந்ததுதான்" என்றாள் தவமலர். மட்டக்களப்பில் நிருபராக இருந்த அவளுடைய அண்ணனைச் சுட்டது ஒரு தேர்தல் காலத்தில்தான்.

அன்று இடைவேளையில் ஐசட்டுவின் கைபேசியை வாங்கி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அந்தத் தம்பியிடம் கெஞ்சினாள். "விட்டிரு தம்பி. அக்காவுக்காக உயிரோட இரு."

அவன் விட்டுவிட்டான். அவனோடு சேர்ந்து ஆதாரம் திரட்டிய இளைஞன் விடவில்லை. தனியாகவே செய்தியை ஒலிபரப்பினான். நிலைய வாசலில் வைத்து அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

நேற்று ஐசட்டு ஒரு சட்டி மீன்சோறு கொண்டுவந்து தவமலரைக் கட்டிப்பிடித்தாள்.

"மெர்சி. என் தம்பியைக் காப்பாற்றித் தந்தாய்."

தவமலர் சட்டியை மூடி ஒருபக்கம் வைத்தாள். அண்ணன் கடைசியாகச் செய்தி எடுக்கப் போனபோது, கூடப் போகவிருந்த சிநேகிதனை அவனுடைய அக்கா காலில் விழுந்து மறித்துவிட்டாள்; அண்ணன் தனியாகத்தான் போனான். செத்தவீடு முடிந்த கையோடு தவமலர் அவர்கள் வீட்டு வாசல் படலையில் போய் நின்று, "நாசமாப் போவாய்" என்று அந்த அக்காவுக்கு மண் அள்ளித் தூற்றினாள்.

சுடப்பட்ட இளைஞனுக்குத் தங்கை இருக்கிறாளா என்று ஐசட்டுவிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.