மெட்டில்டாவின் முப்பது நடை மண்

என் மனைவி மெட்டில்டாவிடம் ஒரு புல்தரையைக் காட்டினால் போதும், அது எத்தனை வண்டி நடை மண் குடித்திருக்கும் என்று சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டிலும் இதே பேச்சுதான். பெர்ன்ஹில்லிலும் குன்னூரிலும் பங்களாக்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். புருஷன் என்ற முறையில் எனக்கும் அதில் ஓர் உத்தியோகம் உண்டு. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். கோணலாகப் பிடித்தால் பங்களாக்காரர் முன்னாலேயே வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அவள் பிறந்தது மஞ்சூர்ப் பக்கம், எஸ்டேட் லைனில். அவளுடைய அப்பா கான் வெட்டும் ஆள். தேயிலை வரிசைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் நின்று ஊறுவதற்காக நீளமாகக் குழி வெட்டுவார்களே, அதுதான் கான். மண்ணைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "நான் கான் வெட்டுனவரு மக" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் யார் பேச முடியும்?

எங்கள் சபையும் மஞ்சூரில்தான். கோயிலை ஒட்டியிருந்த பழைய தேயிலைத் துண்டு ஒன்றை எஸ்டேட்காரர்கள் செடியைப் பிடுங்கிவிட்டுச் சபைக்கே கொடுத்தார்கள். போன வருஷ ஈஸ்டருக்கு விடியற்கால ஆராதனையை அங்கே வைத்தோம். கல்லும் வேர்க்கட்டையும் குத்தி, வயதானவர்களால் முழங்கால் போட முடியவில்லை. நின்றபடியே ஜெபித்தார்கள். அதைப் பார்த்து மெட்டில்டாவுக்கு மனசு கேட்கவில்லை.

சபைக் கூட்டத்தில் கமிட்டிச் செயலாளர் டெனின் எழுந்தார். பேங்க்கில் வேலை, நல்ல பிள்ளை, எதையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"தரையில பேவர் பிளாக் கல்லு போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சுதுங்க. சேறு இல்லை, களை இல்லை."

"அதுமேல நீங்க ஒருக்கா முழங்கால் போட்டுப் பாருங்க தம்பி, அப்பத் தெரியும்" என்றாள் மெட்டில்டா. "நான் புல் போட்டுத் தாரேன். வர்ற ஈஸ்டருக்குள்ள ஆகலைன்னா, மறுநாளே உங்க கல்லைக் கொண்டாந்து எறக்கிக்கோங்க."

சபை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

எஸ்டேட் நர்சரி ஓரமாக நல்ல கறுப்பு மேல்மண் குவிந்து கிடந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்ன மேனேஜர், அதற்கு மேல் ஒரு கூடைகூடக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அளந்தோம். நீளம் அறுபது அடி, அகலம் நாற்பது, கனம் அரை அடி. ஆயிரத்து இருநூறு கன அடி. தண்ணீர் பட்டால் மண் அமுங்கும், அதற்குக் கால் பங்கு கூட்டினாள். பிக்கப்பில் ஒரு நடைக்கு ஐம்பது கன அடி என்றால் முப்பது நடை. குவியலும் கச்சிதமாக அவ்வளவுதான் இருந்தது. அன்று அவள் நடையே வேறு.

பனி விட்டதும் மண்ணைக் கொட்டிப் பரப்பினோம். புல் நடுவதற்கு முன்னால் தண்ணீர் விட்டு அமுக்குவது வழக்கம். ஹோஸைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், கீழ்க்கோடியில் முழங்கால்வரை உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டு கையைக் கொடுத்தேன்.

கையை விட்டு அள்ளினாள். மக்கிப்போன குச்சி. தேயிலையைக் கவாத்து வெட்டிய மிலாறை, அந்தக் குச்சி குப்பையை, பல வருஷமாகக் கான்களுக்குள் தள்ளித் தள்ளி, மேலே சமதரை போலாகியிருந்தது. மண்ணும் தண்ணீரும் ஏறியதும் பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. அப்படி மூன்று கான்கள்.

"கான் வெட்டுனவரு மக, கான் மேலயே நின்னு அளந்திருக்கேனுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "இன்னும் ஆறு நடை வேணும். எங்க போறது?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று நடந்ததை அப்படியே சொன்னாள். டெனின் மரியாதையாகத்தான் கேட்டார்: "கல்லுக்குச் சொல்லிரட்டுங்களா அக்கா?"

"ஒரு வாரம் பொறுங்க தம்பி. எல்லாரும் ஊட்டுக்கு ஒரு பூந்தொட்டி மண்ணு கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டாள். வீட்டுக்கு ஒரு தொட்டி என்றால் ஒரு கான்கூட நிரம்பாது. கேட்டிருக்கவே வேண்டாம் என்று அழுதாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் தொட்டியைக் காணோம். மூட்டை மூட்டையாக மண். ஆட்டோவில், ஜீப்பில், கேரட் ஏற்றும் வண்டியில். ஒரு குடும்பம் பஸ்ஸிலேயே மூட்டையை ஏற்றி, கண்டக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. டெனினும் ஸ்கூட்டரில் காலடியில் ஒரு மூட்டை வைத்துக்கொண்டு வந்தார். "கல்லுப் போட்டாலும் அடியில மண்ணு வேணுமில்லீங்களா" என்றார், யாரும் கேட்காமலேயே. கான்கள் நிரம்பி, ஓரமாக ஒரு குவியல் மிச்சமும் கிடந்தது. மெட்டில்டா சபை ஆட்களையும் குறைத்துத்தான் அளந்திருக்கிறாள்.

புல் நட்டாள். தினமும் தண்ணீர். புல் பிடித்தது, கூடவே ஊராருடைய தோட்டமும் முளைத்தது. கீழ்க்கோடியில் கொத்தமல்லி, பூண்டு, டேலியா, நடுநாயகமாக ஓர் உருளைக்கிழங்குச் செடி. மெட்டில்டா தலையில் அடித்துக்கொண்டாள். களையெடுக்கப் போன போதெல்லாம் யாராவது ஓடிவந்து, "அது எங்க ஊட்டுதுங்க" என்று தடுத்தார்கள்.

ஈஸ்டர் அன்று விடியற்காலையில் சபை முழுவதும் அந்தப் புல்லில் முழங்கால் போட்டது. பெரியவர்களும்தான். ஆமென் சொல்லி வெளிச்சம் வந்த பிறகும் ஒருவரும் டீக்குப் போகவில்லை. குனிந்து அவரவர் செடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உருளைச்செடி மட்டும் மெட்டில்டாவின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மெல்லக் கையை நீட்டினாள்.

"ஐயோ அக்கா, பிடுங்கிராதீங்க! எங்க ஊட்டு மண்ணுல வந்ததுங்க."

டெனின். வெள்ளை பேண்ட்டில் இரண்டு முழங்காலும் பச்சைப்பசேல் என்று நனைந்திருந்தன. மெட்டில்டா அதையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

"அது கிடக்கட்டும் தம்பி. கல்லு எப்ப வருது?"

"எந்தக் கல்லுங்க அக்கா?" என்றார் டெனின்.