கோழி மிரளாத பந்து

கோழி எருவின் காரநெடி மூக்கில் ஏறும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளப் பழகியவள் நான். சேந்தமங்கலம் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் கோழிப்பண்ணை இருந்தது. கோழிகள் "மிரண்டால்" கூண்டில் மோதி அடிபடும், முட்டையும் குறையும் என்பதால் ஓடுவது, குதிப்பது, எதையாவது தூக்கி எறிவது எல்லாமே எனக்குத் தடை. "மெதுவா நட சாமி" என்பதைத்தான் அப்பா என்னிடம் அதிகம் சொல்லியிருப்பார். பந்து எங்கள் வாசலுக்குள் வந்ததே இல்லை.

அப்படி வளர்ந்ததில், ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது என் கைக்கும் கண்ணுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தால் பாதி தரைக்குப் போகும். வெறும் தரையில் இடறுவேன். அந்த ஆண்டுதான் தம்பி பிறந்தான். ஆசையாகப் பக்கத்தில் போனால், "தொடாத சாமி, உன்ற கையில ஒண்ணும் நிக்கறதில்ல, போட்டுருவே" என்று அம்மா அவனை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். எனக்கும் அதே பயம்தான். அவன் என் கையிலிருந்து நழுவி விழுவதாகக் கனவு கண்டு அலறியிருக்கிறேன். அலறினால் கோழி மிரளும் என்று அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பள்ளியில் டிரில் டீச்சர் பந்தை எடுத்தாலே நான் வரிசையின் கடைசிக்கு நழுவிவிடுவேன். பந்து வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வேன், அது மூக்கில் வந்து அடிக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் அழுதுகொண்டு நின்றவளிடம் டீச்சர், "ஏங்கண்ணு, பந்து என்ன கடிக்குதா?" என்றார்.

"சத்தம் வருமுங்க டீச்சர். கோழி மிரண்டுருமுங்க."

பள்ளிக்கூடத்தில் ஏது கோழி? டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து எனக்குப் பந்து உருண்டுதான் வந்தது. காலை விரித்து உட்கார்ந்து அதை மறிக்க வேண்டும். அது பழகியபின் தரையில் தட்டிப் பிடிப்பது, சுவரில் எறிந்து பிடிப்பது, கடைசியில் ஒற்றைக் காலில் நின்று பிடிப்பது. "பந்து வர்றப்ப கையும் கூடவே உள்ள வாங்கோணும்" என்பார். பயம் போகவில்லை, பயந்துகொண்டே கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பழகினேன், அவ்வளவுதான். மழைக்காலம் முடிவதற்குள் சட்டைப் பொத்தானை நானே போட்டேன், எழுத்து கோட்டுக்குள் நின்றது, சோற்றுத் தட்டு சிந்தாமல் வந்தது. அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பொங்கலுக்கு முன்பு ஒருநாள் அவளே, "உக்காரு சாமி, வாங்கு" என்று தம்பியை நீட்டினாள். என் நெஞ்சு அடித்த அடியில் அவன் விழித்துக்கொள்வானோ என்றிருந்தது. அவன் கனம் பட்டதும் கைகள் தாமாகவே உள்ளே வாங்கிக்கொண்டன. அவன் விழவில்லை. ஆனாலும் அம்மா தன் கையை என் கைக்குக் கீழிருந்து எடுக்கவேயில்லை.

இப்போது பண்ணை இல்லை. பள்ளி மைதானத்தில் வேன்கள் நிற்கின்றன. "டிரில் பீரியடு" நேரத்தில் கணக்குப் பாடம் நடக்கிறதாம். பந்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைகளுக்கு யார் உருட்டிவிடுகிறார்களோ தெரியவில்லை. தம்பி ஆழ்துளைக் கிணறு போடும் "ரிக்" வண்டியோடு வடக்கே போய்விட்டான். குழாய் ஏற்றும்போது, தன்னோடு வேலை செய்த ஒருவருக்குக் கை போய்விட்டதாகப் போன மாதம் சொன்னான். அதிலிருந்து அவன் போனை எடுக்கத் தாமதமானால் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அங்கே அவனுக்கு ஒன்று என்றால், எங்கள் இரண்டு பேர் கையும் எட்டாது.